தகட்டு உத்திரமும் முகூர்த்தக்காலும்

என் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வருஷம் அது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. அதற்கு மேலே படிக்க வேண்டுமானால் பஸ் ஏறித் திருமயம் போக வேண்டும். வீட்டுப் பெண்பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் தனியாக அனுப்புகிற வழக்கம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. அதனால் ஐந்து முடித்த பெண்கள் எல்லாம் கடலைக் காட்டில் களை பறிக்கப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வந்து சிலேட்டைத் தொட்டதாக நான் பார்த்ததில்லை.

என் மகளை அப்படி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நான் மூன்றாவது வரை படித்தவன். சாயங்காலம் விளக்கேற்றியதும் முருகன் பாட்டுப் புத்தகத்தை எடுத்தால், நான் எழுத்துக்கூட்டி ஒரு பாட்டை முடிப்பதற்குள் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடும். அவள் தலையெடுத்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சாமிக்கு முழுப்பாட்டு கேட்கக் கிடைத்தது. கொடுத்த சாமிதான் வழியும் காட்ட வேண்டும் என்று அய்யனார் கோயிலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

வழி இருந்தது. ஆனால் அதற்குக் கூரை இல்லை. ஆறாம் வகுப்பு தொடங்கப் படிப்பு இலாகாவில் சம்மதித்துவிட்டார்கள். கீற்றுக் கொட்டகை மட்டும் கூடாது, கல்சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள ஓர் அறை ஜூன் மாதத்துக்குள் வேண்டும் என்றார்கள். சுவருக்கு நாங்கள் பயப்படவில்லை. எங்கள் மண்ணை வெட்டினாலே செம்புறாங்கல். ஊர்க்காரர்களே வெட்டி, ஊர்க்காரர்களே சுமந்து சுவரை எழுப்பிவிட்டோம். கூரையைத் தாங்குகிற உத்திரத்தில்தான் வந்து முட்டிக்கொண்டு நின்றோம். கான்கிரீட் உத்திரத்துக்குள்ளே வைக்கக் கம்பி வேண்டும். அந்தக் காலத்தில் கம்பி வாங்கச் சர்க்கார் பெர்மிட் வேண்டும். எங்கள் மனு எந்த மேஜையில் எந்தக் கல்லுக்கு அடியில் கிடந்ததோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அப்போது கட்டட வேலையைப் பார்க்க ஓர் ஓவர்சியர் வந்தார். குளத்தூர்ப் பக்கத்துப் பையன். பட்டணத்தில் போய்ப் படித்தவர். சைக்கிள் காரியரில் எப்போதும் ஒரு வரைபடச் சுருள் இருக்கும். ஆள் குச்சி மாதிரி இருப்பார், ஆனால் சாப்பாட்டில் கூச்சப்பட மாட்டார். எங்கள் வீட்டில் மொச்சைக் குழம்பைப் பிசைந்துகொண்டே அவர் கேட்டார்:

"அண்ணே, கம்பி இல்லாட்டி போகுது. இந்தப் பக்கம் தகடு கெடைக்குமா? நல்ல இரும்புத் தகடு?"

"தகட்ட வச்சு என்ன தம்பி பண்றது?"

"மடிச்சு, நீளமா ஒரு தொட்டி மாதிரி ஆக்கி, அதுக்குள்ள கான்கிரீட்ட ரொப்பிட்டா அதுவே உத்திரம். கான்கிரீட்டு இருக்கே, அமுக்குனா தாங்கும். இழுத்தா விட்டுரும். தகடு அப்பிடியில்ல. இழுத்தாத் தாங்கும், அமுக்குனா நெளிஞ்சு போகும். மேல கான்கிரீட்டு, கீழ தகடு. ரெண்டும் ஒன்ன ஒன்னு விடாமப் பிடிச்சுக்கிட்டாப் போதும்."

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "பிடிச்சுக்கிடலன்னா?"

"அதப் பாக்கத்தான் மதினி, மொதல்ல ஒன்னே ஒன்னு செஞ்சு பரீட்சை வைக்கணும்."

"நல்லாத்தான் இருக்கு. இந்த ஊர்ல இனிமே உத்திரத்துக்கும் பரீட்சை!" என்று சொல்லிக்கொண்டே அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

தகடு இருக்கிற இடம் எனக்குத் தெரியும். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி வீட்டுக்கு நான் வருஷா வருஷம் கடலை கொண்டுபோய்ப் போடுவேன். யுத்தம் முடிந்த சமயம் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அந்த வீட்டுச் செட்டியார் ஒரு லாரி நிறையத் தகடு எடுத்து வந்து பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தார். எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் இருவரும் போய்க் கேட்டோம். ஆச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்கப்பா. கோழி முட்டையிடத்தான் ஆகுது அது. பொம்பளப் பிள்ளைக படிக்கன்னு கேக்குறீங்க, கோயிலுக்குக் குடுத்த மாதிரி. ஒன்னே ஒன்னு. அந்த மூலைல ஒரு கோழி அட காக்குது. அத மட்டும் எழுப்பாதீக. குஞ்சு பொரிச்சப்பறம் வந்து அந்தத் தகட்டையும் எடுத்துக்கங்க."

கோழி உட்கார்ந்திருந்த தகட்டை விட்டுவிட்டு மற்றதை மாட்டு வண்டியில் ஏற்றினோம்.

தகட்டை மடித்தவர் எங்கள் ஊர்க் கொல்லர். அவருக்கும் ஓவர்சியருக்கும் முதல் நாளே சண்டை. உலையில் வைத்துப் பழுக்கக் காய்ச்சி மடிப்பேன் என்றார் கொல்லர். காய்ச்சினால் தகட்டின் உரம் போய்விடும், பச்சையாகவேதான் மடிக்க வேண்டும் என்றார் ஓவர்சியர்.

"காய்ச்சாம அடிக்கிறதுக்கு நான் எதுக்கு? துணி வெளுக்குற ஆளக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று முறைத்தார் கொல்லர். ஆனாலும் செய்தார். கருங்கல் விளிம்பில் தகட்டை வைத்து, மேலே பனங்கட்டையைப் போட்டு இறுக்கி, ஓரத்திலிருந்து ஓரம்வரை மரச்சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி மடித்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியை இழுத்து நீட்டிவிட்ட மாதிரி வந்தது. வாய் ஓரம் இரண்டையும் உள்பக்கமாக மடக்கி, குறுக்கே ஆணிகள் அடித்துவிட்டார்கள். கான்கிரீட் அந்த ஆணிகளைப் பிடித்துக்கொண்டால் தகட்டை விட்டு நழுவாது என்பது கணக்கு.

கான்கிரீட் போட்ட அன்றிலிருந்து அதற்கு ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றுகிற வேலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். காலையிலும் சாயங்காலமும் குடத்தோடு போவாள். தென்னம்பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லுவாள். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, "தகர டப்பாக் கூரை", "மிட்டாய்ப் பெட்டிப் பள்ளிக்கூடம்" என்று ஆளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். என் சொந்த மச்சான், "மாப்ள, மழை பேஞ்சா நல்லா மேளம் அடிக்கும். நாகசுரத்துக்கு மட்டும் ஆள் சொல்லிருங்க" என்றான்.

கேலி போகட்டும். திருச்சியிலிருந்து வந்து பார்த்த பெரிய இன்ஜினியர்தான் எங்களைக் கலக்கிவிட்டார். கனத்த சரீரம், கனத்த குரல். வரைபடத்தைப் பார்த்தார், தகட்டை விரலால் சுண்டிப் பார்த்தார், ஓவர்சியரைப் பார்த்தார்.

"இத நம்பி இதுக்கு அடியில பிள்ளைகள உக்கார வைக்கச் சொல்றீங்களா? ஒன்னு பண்ணுங்க. கூரை என்ன கனமோ, அதுக்கும் கூடுதலா இது மேல ஏத்துங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கணும். அப்புறம் எறக்குங்க. வளைஞ்சது நிமிருதான்னு நான் என் கண்ணால பாக்கணும். நிமிந்தா அனுமதி. இல்லன்னா கம்பி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருங்க."

கம்பி வருகிற வரைக்கும் என்றால் எத்தனை ஜூன் போகுமோ. மகள் குடத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தாள். அவர் சொன்னது அவளுக்கும் புரிந்தது. வீட்டுக்கு வருகிற வழியில், "அப்பா, நிமிந்துரும்ல?" என்று மட்டும் கேட்டாள். நிமிர்ந்துவிடும் ஆத்தா என்று சொன்னேன். சொன்னேனே ஒழிய அன்று சோறு இறங்கவில்லை.

பரீட்சைக்கு ஏற்பாடு நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மார்பளவு உயரத்தில் இரண்டு செம்புறாங்கல் திண்டு கட்டி, அவற்றின் மேல் உத்திரத்தின் இரண்டு முனைகளையும் வைத்தோம். நடுவில் எதுவும் இல்லை, அந்தரம். உத்திரத்தின் பக்கவாட்டில் முனைக்கு முனை ஒரு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினார் ஓவர்சியர். நடுவில் நூலுக்குப் பின்னால் ஓர் அளவுகோலை உத்திரத்தோடு ஒட்டினார். உத்திரம் தொங்கினால் கோலும் சேர்ந்து இறங்கும், நூல் இருந்த இடத்திலேயே இருக்கும், எவ்வளவு தொங்கியது என்று வாசித்துவிடலாம். பிறகு என் மனைவியிடம் விளக்குக் கரி கேட்டு வாங்கி, இரண்டு முனைகளிலும் தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார். இரண்டும் பிரிந்து நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"அண்ணே, நாளைக்குப் பெரிய இன்ஜினியர் திருச்சிலேருந்து புதுக்கோட்டைக்கு வர்றாரு. நான் விடியக்காலம் அங்க போயி அவரக் கூட்டிக்கிட்டு வந்துருவேன். நீங்க மணல் மூட்டைய ஏத்த ஆரம்பிச்சிருங்க. ரெண்டு ஓரத்துலேருந்தும் நடுவுக்கு வரணும். தொப்புன்னு போடக் கூடாது, பிள்ளையத் தூளியில போடுற மாதிரி வைக்கணும். அடியில மட்டும் ஒரு ஆளும் போகக் கூடாது."

எல்லாம் சரியாகச் சொன்னார். எங்கள் ஊர் வழக்கம் ஒன்று அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் கல்யாணமானாலும் சரி, வீடானாலும் சரி, கோயில் காரியமானாலும் சரி, பலபேர் கை வைக்கிற வேலை என்றால் முதலில் ஒரு முகூர்த்தக்கால் நட்டாக வேண்டும். பச்சைக் கொம்பு வெட்டி, மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, சுமங்கலிகள் சேர்ந்து நடுவார்கள். நட்ட கால் ஆடக் கூடாது. காரியம் முடிகிறவரை அதைப் பிடுங்கவும் கூடாது. மறுநாள் காலையில் என் மனைவி தலைமையில் பெண்கள் கூட்டம் குலவையிட்டுக்கொண்டு வந்தது. தோளில் நல்ல கனத்த பாலைமரக் கொம்பு.

"எங்க நடப்போறே?" என்று கேட்டேன்.

"நடுவுலதான். அப்பத்தான சாமி ரெண்டு பக்கத்தையும் சமமாப் பாக்கும்."

மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் நட்டுவிட்டால் அடியில் ஆள் போன குற்றமும் வராது என்று நானே சம்மதித்தேன். உத்திரத்துக்கு அடியில், நட்ட நடுவில் குழி தோண்டினார்கள். கொம்பு உயரமாக இருந்தது. உத்திரம் இடித்ததால் நுனியை வெட்டிக் கட்டையாக்கினார்கள். குழியில் கல் போட்டு இடித்தார்கள். அப்படியும் கொஞ்சம் ஆடியது. ஆடுகிற கால் ஆகாது. கொல்லரைக் கூப்பிட்டார்கள். அவர் கால் நுனிக்கும் உத்திரத்துக்கும் இடையில் ஒரு மர ஆப்பை வைத்து, சுத்தியால் இரண்டு போடு போட்டார். அப்புறம் அசையவில்லை. அதைச் சுற்றிப் புதுத்துண்டு கட்டி, மாவிலையும் தென்னங்குருத்தும் தொங்கவிட்டு, சூடம் காட்டினார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் நெஞ்சு நிறைந்திருந்தது. மகளுக்காக ஊரே வந்து நின்று கும்பிடுகிறது என்றால் யாருக்குத்தான் நிறையாது?

அப்புறம் மூட்டை ஏறியது. மேளம் அடிக்கும் என்று கேலி பேசிய மச்சான்தான் முதல் மூட்டையைத் தூக்கினான். உச்சி வெயிலுக்கு முன்னால் உத்திரம் தெரியாதபடி மூட்டை அடுக்கியாகிவிட்டது. ஓடிப்போய் நூலைப் பார்த்தேன். முந்தின நாள் ஓவர்சியர் காட்டின கோட்டிலேயே இருந்தது. மயிரிழைகூட இறங்கவில்லை. "அய்யனாரே!" என்று கத்திவிட்டேன். பெண்கள் மறுபடி குலவையிட்டார்கள்.

ஜீப் வந்தது. ஓவர்சியர் குதித்து இறங்கி ஓடிவந்து நூலைப் பார்த்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் செத்துப்போயிற்று.

"என்ன தம்பி? கொஞ்சம்கூடத் தொங்கல!"

"அதாண்ணே பயமா இருக்கு. இவ்வளவு கனத்துக்கு இவ்வளவு தொங்கணும்னு கணக்கு இருக்கு. தொங்காம எப்பிடி இருக்கும்?"

அதற்குள் பெரிய இன்ஜினியர் வந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோலை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார்.

"என்னய்யா இது, உத்திரமா? மலையா?"

கையிலிருந்த பிரம்பால் தென்னங்குருத்தை மெல்ல விலக்கினார். அங்கே மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, புதுத்துண்டு கட்டிக்கொண்டு, உத்திரத்தைத் தலையில் தாங்கி நின்றது கால்.

"இது யாரு?" என்றார்.

"முகூர்த்தக்காலுங்கய்யா" என்றேன்.

"முட்டுக் குடுத்து வச்சுருக்கீங்க. இதுக்குத்தான் என்னை இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்களா?"

ஓவர்சியர் தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூட்டைகளின் கனத்தில் பாதியை எங்கள் கால் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. பெரியவர் ஜீப் பக்கம் திரும்பினார். என் மகள் எங்கே என்று தேடினேன். வேப்பமரத்தடியில் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவர் முன்னால் கைகூப்பினேன்.

"அய்யா, சத்தியமா ஏமாத்த நெனச்சுச் செய்யல. எங்க ஊர்ல கால் நடாம எதுவும் ஆரம்பிக்க மாட்டோம். நடுவுல நட்டது எங்க அறியாமை. நீங்க போயிட்டீங்கன்னா என் மக படிப்பு இதோட போச்சு."

அவர் நின்றார். "சரி. அப்ப அந்தக் காலப் பிடுங்குங்க" என்றார்.

அங்கேதான் இன்னொரு சிக்கல். என் மனைவி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காரியம் முடியாம காலப் பிடுங்கக் கூடாதுங்கய்யா."

"காரியம் எப்பம்மா முடியும்?"

"பரீட்சை முடிஞ்சா முடிஞ்ச மாதிரிதான்."

"பரீட்சை எப்ப முடியும்?"

"அத நீங்கதான சொல்லணும்."

"காலப் பிடுங்குனாத்தானம்மா பரீட்சையே ஆரம்பிக்கும்!"

"ஆரம்பிச்ச காரியத்துல காலப் பிடுங்குனா வெளங்குமாங்கய்யா?"

ஓவர்சியர் மணலிலிருந்தபடியே கெஞ்சினார். "மதினி, காலு இருக்கட்டும். அந்த ஆப்ப மட்டும் உருவிக்கிறேன்."

"ஆப்ப உருவுனாக் காலு ஆடும். ஆடுற காலு எந்த ஊர்லய்யா இருக்கு?"

பெண்கள் அத்தனை பேரும் "அதான?" என்றார்கள். பெரியவர் ஓவர்சியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் பெண்களைப் பார்த்தார். அவருக்குக் கோபம் தலைக்கேறுகிறது என்றுதான் நான் நினைத்தேன். யாரோ செம்பில் நீர்மோர் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டபோது அவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்!

"எங்க வீட்டுலயும் இப்பிடித்தான். என் தங்கச்சி கல்யாணத்துக்கு நட்ட கால்ல தடுக்கி விழுந்து பல்லு போச்சு எனக்கு. அப்பவும் எங்க ஆத்தா காலப் பிடுங்க விடல" என்று மேல்பல் வரிசையில் ஓர் இடைவெளியைக் காட்டினார். பிறகு பிரம்பை உத்திரத்தின் மேல் தட்டினார். "காலு ஒங்களுது. அது இருக்கட்டும். உத்திரம் என்னுது. அத நான் நகத்திக்கிறேன். அதுக்கு ஒங்க சாமி ஒன்னும் சொல்லாதுல்லம்மா?"

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். "உத்திரத்த நகத்தக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்லைங்கய்யா" என்றாள்.

அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது. அடுக்கின மூட்டைகளை எல்லாம் இறக்கினோம். மச்சான் ஒவ்வொரு மூட்டைக்கும், "ஏத்தச் சொன்னாங்க ஏத்துனோம், எறக்கச் சொன்னாங்க எறக்குறோம், இனி கூலி சாமிகிட்டதான் கேக்கணும்" என்று புலம்பினான். கடப்பாரைகள் வந்தன. கோயிலிலிருந்து வடக்கயிறு வந்தது. இரண்டு திண்டுகளிலும் ஆட்கள் ஏறி நெம்ப, கீழே நின்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, உத்திரம் கல்லின் மேல் கர்ரென்று அரைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. பெரிய இன்ஜினியர் தேர் இழுக்கிற இடத்தில் நிற்கிற மாதிரி கையை வீசி, "இன்னும் கொஞ்சம், இங்கிட்டு, இங்கிட்டு! ம், போதும்!" என்று சத்தம் போட்டார். ஒரு முழம் நகர்ந்ததும் ஆப்பு தானாகக் கீழே விழுந்தது. நாங்கள் யாரும் உருவவில்லை. பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைப் பார்த்தார்கள். என் மனைவி போய் மெல்ல அசைத்துப் பார்த்தாள். அதுவரை மேலே இருந்த மூட்டைக் கனம் அழுத்தியதில் குழியில் இடித்திருந்த கல் நன்றாக இறுகியிருந்தது. கால் ஆடவில்லை. குலவை சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும்.

ஓவர்சியர் நூலையும் கோலையும் மறுபடி சரிபார்த்து, கரிக்கோட்டையும் புதிதாக இழுத்தார். இந்தத் தடவை அவரே பக்கத்தில் நின்று ஒவ்வொரு மூட்டையையும் வைக்கச் செய்தார். பாதி மூட்டை ஏறியபோது கோல் இறங்கியது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

"தொங்குது! தொங்குது!" என்று கூட்டம் அலறியது.

"தொங்குதுண்ணே! தொங்குது!" என்று ஓவர்சியர் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். "கணக்குப் போட்ட அளவுதான் தொங்குது!"

ஒரே சொல்லுக்கு நாங்கள் நடுங்குகிறோம், அவர் ஆடுகிறார். வளைவது தப்பில்லை, நிமிராமல் போனால்தான் தப்பு என்று அவர் சொல்லிச் சொல்லித்தான் கூட்டம் அடங்கியது. கடைசி மூட்டையும் ஏறியது. இரண்டு முனையிலும் குனிந்து பார்த்தார். கரிக்கோடு உடையவில்லை. தகடும் கான்கிரீட்டும் ஒன்றை ஒன்று விடவில்லை. பெரியவர், நாளைக்கு இதே நேரத்துக்கு வருகிறேன், அதுவரை ஒரு குருவிகூட அதன் மேல் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டு, ராத்திரி தங்கத் திருமயம் பங்களாவுக்குப் போய்விட்டார். ஊரார் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். நான் முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் ஜீப் வரும்போது முந்தின நாளைவிடக் கூட்டம் அதிகம். கோழி வளர்த்த ஆச்சிகூடக் குதிரை வண்டியில் வந்து இறங்கியிருந்தார். மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள். இப்போது ஒரு கேலிப் பேச்சு இல்லை. மூட்டை மணலில் இறங்குகிற சத்தம் மட்டும். கடைசி மூட்டையை மச்சான் இரண்டு கையாலும் அணைத்து எடுத்தான்.

பெரியவர் குனிந்தார். கண்ணாடியைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை, ஜீப்பிலும் இல்லை. பங்களாவில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஓவர்சியர் முன்னால் வந்தார்.

"நீங்க வேணாம். நீங்க கட்டுனவர்" என்று பெரியவர் அவரைத் தடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "சின்ன எழுத்து வாசிக்கிற ஆள் யாராவது இருக்கீங்களா?"

எங்கள் கூட்டத்தில் பாதிப்பேருக்குப் பெரிய எழுத்தே தெரியாது. என் மகள் வேப்பமரத்தடியிலிருந்து வந்தாள். கோலில் எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் சொல்லிக்கொடுத்தார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலுக்கு நேராக முகத்தை வைத்து, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். ஏற்றுவதற்கு முன்னால் நூல் எந்தக் கோட்டில் இருந்தது என்று கேட்டாள். ஓவர்சியர் சொன்னார். மறுபடி பார்த்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முழுசா வரலைங்கய்யா" என்றாள்.

பெரியவர் கேட்டார்:

"எவ்வளவு பாக்கி?"

"ஒரு சின்னக் கோட்டுல பாதி."

பெரியவர் நிமிர்ந்து நின்று ஓவர்சியரைப் பார்த்தார். "புதுச் செருப்பு போட்டாக்கூடக் கால் கொஞ்சம் அழுந்தத்தான் செய்யும். பாதிக் கோடு போகட்டும். நல்லா நிமிந்துருக்கு" என்றார். பிறகு என் மகள் பக்கம் குனிந்தார். "முழுசா வந்துருச்சுன்னு சொல்லியிருக்கலாமே நீ? எனக்குத்தான் கண்ணு தெரியலையே?"

"இருக்குறதத்தானங்கய்யா வாசிக்கணும்" என்றாள்.

அவர் அவள் தலையில் கை வைத்தார். "இந்தப் பிள்ளைக்குக் கூரை போடுய்யா" என்று ஓவர்சியரிடம் சொன்னார். வரைபடத்தை ஜீப்பின் மூக்கில் விரித்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஆச்சி, "அந்தக் கோழி குஞ்சு பொரிச்சிருச்சுப்பா, மிச்சத் தகட்டையும் எடுத்துக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டே பெரியவர், பெண்கள் வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலுக்கு உட்கார்ந்தார். மூன்றாம் தடவை இலையில் வாங்கியபோது என் மனைவியிடம், "இப்பக் காரியம் முடிஞ்சிருச்சாம்மா?" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்கய்யா. நாளைக்கு நல்ல நேரம் பாத்துப் பிடுங்கிருவோம்" என்றாள் அவள்.

மற்ற உத்திரங்களைக் கொல்லர் வாயைத் திறக்காமல் பச்சையாகவே மடித்துத் தந்தார். வைகாசி முடிவதற்குள் கூரை ஏறிவிட்டது. பரீட்சைக்கு நின்ற உத்திரத்தை மட்டும் கூரையில் வைக்கவில்லை. அது ஒரு தடவை கூடுதல் கனம் சுமந்துவிட்டது, வேறு நல்ல வேலை கொடுப்போம் என்றார் ஓவர்சியர். எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் கண்மாய் வாய்க்கால் ஓடுகிறது. மழைக்காலத்தில் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். உத்திரத்தைக் கொண்டுபோய் அதன் குறுக்கே போட்டோம்.

ஆறாம் வகுப்பு தொடங்கிய அன்று என் மகளோடு இன்னும் சில வீட்டுப் பெண்பிள்ளைகளும் அதன் மேல் வரிசையாக நடந்து போனார்கள். என் மகள் நடுவில் போய் நின்று இரண்டு தடவை குதித்துப் பார்த்தாள். கரையில் நின்ற என் மனைவி, "ஏட்டி, போதும் பரீட்சை! மணி அடிச்சிருச்சு, ஓடு!" என்று கத்தினாள்.